எரித்த துணியும் தைத்த துணியும்

திருவதிகைக்கு வருபவரிடம் ஊரார் முதலில் சொல்லும் கதை ஒரு வயிற்றுவலியின் கதை. பண்ணுருட்டிக்கு அருகே, கெடிலக் கரையில் நிற்கிறது வீரட்டானக் கோயில். ஏழாம் நூற்றாண்டில், திருப்பாதிரிப்புலியூரில் சமண சமயத்துப் பெரியாராக விளங்கிய தருமசேனர் சூலைநோயால் துடித்தாராம். மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லையாம். இரவோடிரவாக இங்கே வந்து, தமக்கை திலகவதியாரிடம் நீறு பெற்றுப் பூசினாராம். நோய் ஓடிற்றாம். தருமசேனர் நாவுக்கரசர் ஆனாராம்.

கதையை மெய்யென ஒப்ப நம் அறிவு இசையாது. நாவுக்கரசரின் தமிழை இகழவும் நாம் முன்வரோம். நாம் கேட்பது வேறு ஒன்று. சூலைநோய் அந்நாளில் ஒருவருக்கு மட்டுமா வந்தது? அதே ஊரில், அதே ஆற்றங்கரையில், அதே வலியால் துடித்து மாண்ட உழவன் எத்தனை பேர்? நெசவாளி எத்தனை பேர்? பிள்ளையைப் பெற்ற கையோடு கண் மூடிய தாய் எத்தனை பேர்? பிழைத்த ஒருவரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் ஊர், மாண்டவருள் ஒருவரது பெயரையேனும் வைத்திருக்கிறதா?

இல்லை. இஃது ஓர் ஊரின் குறையன்று. நாட்டின் வழக்கமே அது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர் நம் முன்னோர். மாண்ட மன்னனுக்குப் பள்ளிப்படை எழுப்பினர். நோயில் வீழ்ந்தவனுக்கோ கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. அம்மை வந்து ஊர் ஊராக மக்கள் மடிந்தபோது நாம் செய்தது என்ன? மடிந்தவரை மறந்தோம், மடித்த நோய்க்குக் கோயில் கட்டினோம்! ‘அம்மா’ என்றோம், ‘முத்து’ என்றோம், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தோம். ஜென்னர் 1796இல் கண்ட அம்மைப்பால்தான் இறுதியில் அந்நோயை வென்றது. 1975இல் இந்திய நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமடைந்தார்; 1980இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று. கோயில்கள் இருக்கின்றன. செத்தவர் பெயர்கள் மட்டும் எங்கும் இல்லை.

இந்த எண்ணத்தோடுதான் கடல்கடந்த நாடுகளில் மக்கள் கூடித் தைத்த சில துணிப் படைப்புகளை நாம் ஆராயப் புகுகிறோம். துணியைப் பற்றி எழுத இந்த ஏட்டில் இடம் ஏன் என்று தோழர்கள் வியக்க வேண்டாம். காவியத்தைத் திறனாய்கிறோம், நாடகத்தைத் திறனாய்கிறோம். கூடித் தைத்த துணியும் கலைதான். அதிலும் இந்தக் கரை துணிக்குப் புதிதன்று. கெடிலம் கடலோடு கலக்குமிடத்தில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் 1690இல் விலைக்கு வாங்கியது இப்பகுதியின் துணி வாணிகத்தை நாடித்தான். சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஐரோப்பியப் படுக்கைகளில் விரிப்பாயிற்று. குறிஞ்சிப்பாடித் தறிகளில் கைலி நெய்வோர் இன்றும் உளர். துணி நெய்யத் தெரிந்த நமக்கு, அதைக்கொண்டு ஒருவரை நினைவுகூரத் தெரிந்ததா என்பதுதான் வினா.

முதலில் அமெரிக்கப் போர்வை. 1985ஆம் ஆண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில், 1978இல் கொலையுண்ட ஹார்வி மில்க், ஜார்ஜ் மாஸ்கோனி இருவர் நினைவாக மெழுகுவத்தி ஊர்வலம் நடந்தது. அந்நாளில் எய்ட்ஸ் நோயால் நகரில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டிருந்தனர். க்ளீவ் ஜோன்ஸ் என்ற தொண்டர், மாண்ட தம் நண்பர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி வருமாறு ஊர்வலத்தினரிடம் கூறினார். அந்த அட்டைகளை அரசாங்கக் கட்டடச் சுவரில் ஒட்டினர். அடுத்தடுத்து ஒட்டிய அட்டைகள், பாட்டிமார் கந்தல்களை இணைத்துத் தைக்கும் ஒட்டுப் போர்வைபோல் அவர் கண்ணுக்குத் தோன்றின. அந்தத் தோற்றமே படைப்பாயிற்று. 1987 அக்டோபர் 11ஆம் நாள் வாஷிங்டன் நகரின் திறந்த திடலில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. மறு ஆண்டில் அவை 8,288 ஆயின. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள்; 1,10,000 பெயர்கள்; எடை 54 டன்.

ஒவ்வொரு துண்டும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஏன் அந்த அளவு? மனிதனைப் புதைக்கும் குழியின் அளவு அது. அந்நாளில் பிணம் எடுக்க மறுத்த ஈமக்கூடங்கள் இருந்தன. பிள்ளையின் நோயை மறைத்த பெற்றோர் இருந்தனர். குழியையும் தர மறுத்த உலகின் முன் குழியின் அளவிலேயே துணி தைத்து விரித்தனர் நண்பர்கள். துணிகளில் என்ன தைத்தனர்? மாண்டவன் உடுத்திய சட்டை, அவனுடைய காற்சட்டை, அவன் வைத்திருந்த பொம்மை, அவனுடைய பெயர். தெய்வப் படம் இல்லாத துண்டுகள் எத்தனையோ. பெயரைத் தேடி அமைந்ததுதான் படைப்பு முழுவதும். அவ்வளவு பெரிய திடலில் நடந்து செல்பவன் குனிந்துதான் படிக்க வேண்டும். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். இந்தத் துணியைக் குனிந்து பார்க்கிறோம். அண்ணாந்து பார்க்கையில் நாம் சிறியவராகிறோம். குனிந்து பார்க்கையில் கிடப்பவன் நமக்கு உறவாகிறான். கலை என்ற வகையில் இந்தப் படைப்பின் முதல் வெற்றி அதுவே என்போம்.

குறையும் உண்டு. அதை மறைப்பது திறனாய்வாகாது. அந்த நாட்டுக் குடியரசுத் தலைவர் ரீகன் இந்நோய் குறித்துத் தம் முதல் பேருரையை நிகழ்த்தியது 1987 மே மாத இறுதியில். அதற்குள் பல்லாயிரவர் மாண்டுவிட்டனர். அத்தகைய ஆட்சியின் வாயிலில் சென்று அழுவதா, அறைகூவுவதா? போர்வை கண்ணீரை வரவழைக்கிறது. சினத்தைத் தணித்துவிடுகிறது என்று போராட்டக்காரர் சிலர் அந்நாளிலேயே கூறினர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தனித்தனி வீட்டின் தனித்தனித் துயரமாகத் துண்டுகள் நிற்கின்றன. ‘இவர்கள் ஏன் செத்தனர், யார் பொறுப்பு?’ என்ற கேள்வி எந்தத் துண்டிலும் முழுமையாக அடங்கவில்லை. ஆயினும் எண்ணிக்கையே கேள்வியாகிறது. ஒரு துண்டு ஒப்பாரி. ஐம்பதினாயிரம் துண்டு குற்றப் பத்திரிகை.

அடுத்து, தென்னாப்பிரிக்கா. கிழக்குக் கேப் பகுதியில் கெய்ஸ்காமா ஆறு கடலில் கலக்குமிடத்தில் ஹாம்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. கோசா மொழி பேசும் ஏழை மக்களின் ஊர். மருத்துவரும் ஓவியம் பயின்றவருமான கேரல் ஹாஃப்மேயர் அம்மையார் 2000ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து, பெண்களுக்குப் பூத்தையல் பயிற்றுவித்தார். ஊரில் பிழைப்பு இல்லை. நோயோ வீடு வீடாகப் புகுந்திருந்தது. அப்பெண்கள் ஏறத்தாழ 130 பேர் கூடித் தைத்ததே 2005இல் வெளிப்பட்ட ‘கெய்ஸ்காமா பலிபீடத் திரை’. நான்கு மீட்டர் உயரம். கதவுகள்போல் இரு முறை திறக்கும் அமைப்பு. பூத்தையல், ஒட்டுத்தையல், மணிவேலை, நிழற்படம் எல்லாம் கொண்டது.

இதற்கு முன்மாதிரி ஐரோப்பாவில் இருக்கிறது. 1512க்கும் 1516க்கும் இடையே கிரூனவால்ட் தீட்டிய ஐசன்ஹைம் பலிபீட ஓவியம் அது. இன்று பிரான்சு நாட்டின் கோல்மார் நகரில் உள்ளது. அது யாருக்காகத் தீட்டப்பட்டது தெரியுமா? ‘அந்தோணியார் நெருப்பு’ என்ற கொடிய நோயால் கைகால் அழுகி வந்தவர்களைப் பேணிய துறவியர் மடத்துக்காக. நோயாளியைக் கொணர்ந்து அந்த ஓவியத்தின் முன் கிடத்துவராம். சிலுவையில் தொங்கும் ஏசுவின் உடலெங்கும் புண். தன் புண்ணையே அவன் அங்கே கண்டு ஆறுதல் கொள்வானாம். திருவதிகையில் நீறு, ஐசன்ஹைமில் ஓவியம்! நோயின் மெய்யான காரணமோ அவன் உண்ட ரொட்டியில் இருந்தது. ‘ரை’ என்னும் தானியக் கதிரில் பற்றும் ஒருவகைப் பூஞ்சையே அந்த நெருப்பு என்பதைப் பிற்காலத்து அறிவியல் கண்டது. நம் கம்புக் கதிரில் காணும் தேனொழுகல் நோய் அதற்கு உறவு. ஓவியத்தின் முன் கிடந்தவன், அடுத்த வேளையும் அதே ரொட்டியை உண்டிருந்தால் அவன் கதி என்ன?

ஹாம்பர்க் பெண்கள் அந்த அமைப்பை எடுத்தாண்டனர். ஆனால், ஆளை மாற்றினர்! சிலுவையில் ஏசு இருந்த இடத்தில், துக்க உடை தரித்த கைம்பெண் நிற்கிறாள். சுற்றிலும் தாய் தந்தையற்ற பிள்ளைகள். புனிதர்கள் நின்ற இரு மருங்கிலும் அவ்வூர்க் கிழவிகள். அடியில், இளைஞன் ஒருவனின் சவ அடக்கம். கதவைத் திறந்தால் ஊரின் ஆறும் கடலும் உயிரினங்களும். மீண்டும் திறந்தால், உள்ளறையில் இருப்பது எந்தத் தெய்வம்? மூன்று பாட்டிமார், தம் பேரப் பிள்ளைகளோடு, ஆளுயர நிழற்படமாக நிற்கின்றனர். மகனையும் மகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பேரனை இடுப்பில் ஏந்தி நிற்கும் கிழவிகள்.

‘பலிபீடம் என்ற அமைப்பையே ஏன் எடுத்தாள வேண்டும்? மதத்தின் சட்டகத்தில் மனிதனைப் பொருத்தலாமா?’ என்று தோழர்கள் கேட்பர். நாமும் முதலில் அப்படித்தான் கேட்டோம். இந்தப் பெண்கள் பகுத்தறிவாளர் அல்லர், தேவாலயம் செல்வோர்தாம். நம் கொள்கையை அவர்கள்மேல் ஏற்றிக் கூறுவது பொய்யாகும். ஆனால், படைப்பைப் பாருங்கள். கதவைத் திறக்கத் திறக்க ஐசன்ஹைமில் வானம் நெருங்குகிறது. ஹாம்பர்க்கில் மண் நெருங்குகிறது. கருவறையைத் திறந்தால் பாட்டி நிற்கிறாள் என்று காட்டிய பிறகு, தொழ வேண்டியது எதை என்று தனியே எழுதிக் காட்ட வேண்டுமா? கோயில் நுழைவுக்குப் போராடிய நாடு இது. கருவறைக்குள் உழைப்பாளிக் கிழவி நுழைந்துவிட்ட அந்தக் காட்சியை நாம் குறை கூற மாட்டோம்.

குறை கூற வேண்டிய இடம் வேறு. 2005ஆம் ஆண்டில் அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? தலைவர் எம்பெக்கி, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணம் என்பதையே ஐயுற்றார். நலவாழ்வு அமைச்சரோ பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார்! மருந்தை மக்களுக்குத் தர வேண்டும் என்று தொண்டர்கள் வழக்காடி, 2002இல் அரசமைப்பு நீதிமன்றத்தில் வென்றனர். 2000 முதல் 2005 வரை மருந்து தரத் தயங்கியதால் 3,30,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர் என்று ஹார்வர்டு ஆய்வாளர் 2008இல் கணக்கிட்டனர். மடமை பூசாரியிடம் மட்டும் இருப்பதன்று. அமைச்சரின் நாற்காலியிலும் அமரும். பலிபீடத் திரையின் அழகான நம்பிக்கைக் காட்சியில் இந்தக் கொடுமைக்கு இடமில்லை. ஆறுதல் இருக்கிறது; குற்றச்சாட்டு இல்லை.

அக்குறையை அப்பெண்களே உணர்ந்தனர் போலும். 2010இல் அவர்கள் ‘கெய்ஸ்காமா குவர்னிகா’ என்ற மற்றொரு துணிப் படைப்பைத் தைத்தனர். 1937இல் குண்டுவீச்சில் அழிந்த குவர்னிகா நகருக்காகப் பிக்காசோ தீட்டியதன் வடிவம் அதற்கு வழிகாட்டி. பளபளக்கும் மணிகளின் அழகு இங்கே பின்னுக்குப் போயிற்று. பழங்கம்பளியும் உடுத்திக் கிழிந்த துணியும் துருப்பிடித்த கம்பியுமே அதன் பொருள்கள். சாம்பல் நிறம் எங்கும். கிழவி இங்கே ஆறுதல் கூறவில்லை, அலறுகிறாள். ‘வானிலிருந்து குண்டு விழவில்லை, ஆயினும் எம் ஊர் அழிந்தது’ என்று அத்துணி கூறுவதாக நாம் படிக்கிறோம். மூன்று படைப்புகளுள் எது சிறந்தது என்று கேட்டால், இதையே கூறுவோம். அமெரிக்கப் போர்வை பெயரைக் காத்தது. பலிபீடத் திரை இருப்பவரைப் போற்றியது. குவர்னிகாத் துணி காரணத்தைக் கேட்டது. காரணத்தைக் கேட்கும் கலையே மாண்டவருக்கு முழு நன்றி செலுத்துகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இந்நோய் இந்திய நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய குருதி வேலூரில் சோதிக்கப்பட்டது. இரண்டு தமிழ்நாட்டுப் பெண்களின் அறிவுத் துணிவு அது. அதற்குப்பின் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை பேர் வந்து படுத்தனர்! 2004 ஏப்ரலில் நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரமும் அவற்றுள் ஒன்று. இன்று அந்த மருந்தை ஒழுங்காக உண்பவர் மற்றவரைப்போல் நெடுநாள் வாழலாம். குருதியில் நோய்நுண்மம் தென்படாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவின் வழியே பிறருக்குப் பரவுவதும் இல்லை. 2017இல் சட்டமே வந்தது: பள்ளியில், வேலையில், வீட்டில் ஒதுக்குதல் கூடாது, ஒருவரது நோயை அவர் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. மருந்து வந்தது. சட்டம் வந்தது. மனம் வந்ததா?

நாம் பள்ளியில் பணியாற்றுபவர். சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளையைச் சேர்க்க ஒரு தாய் வந்தார். ஊரும் பெயரும் கூற மாட்டோம். தந்தை எப்படி இறந்தார் என்று கேட்டதற்கு ‘நெஞ்சுவலி’ என்றார், தலை நிமிரவில்லை. பின்னர், பழகிய பிறகு, அவராகவே கூறினார். கணவன் இறந்த அன்றே புகுந்த வீட்டார் அவன் படுத்த பாய், தலையணை, வேட்டி, சட்டை எல்லாவற்றையும் ஆற்றங்கரையில் போட்டு எரித்துவிட்டனராம். பிள்ளை ஒரு சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதானாம்; பிடுங்கிப் போட்டார்களாம். அன்று மாலையே தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். ‘அப்பா வாசனைக்கு ஒரு துணிகூட இல்லை, சார்’ என்றார் அந்தத் தாய்.

பெரியம்மைக் காலத்தில் துணியை எரித்ததில் பொருளுண்டு. அந்நோய் துணியிலும் ஒட்டிப் பரவும். எச்.ஐ.வி. உடுத்திய துணியால் பரவாது, பாயால் பரவாது, தொடுவதால் பரவாது. அன்று அறிவாக இருந்தது இன்று வழக்கமாகி, வழக்கம் கொடுமையாகி நிற்கிறது. காரணம் செத்த பிறகும் சடங்கு சாவதில்லை. அமெரிக்கப் போர்வையில் மாண்டவனின் சட்டையைத் தைத்திருக்கும் படத்தைக் கண்டபோதெல்லாம் நமக்கு அந்தப் பிள்ளையின் கைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே சட்டை வரலாறாயிற்று, இங்கே சாம்பலாயிற்று.

அப்படியானால் நாமும் நாளைக்கே திருவதிகைத் திடலில் பெயர்களைத் தைத்து விரிக்கலாமா? ஆம் என்று சொல்லிவிட ஆசை எழுகிறது. ஆனால், அந்தத் தாயின் குனிந்த தலை நம்மைத் தடுக்கிறது. அவர் இசையாமல் அவர் கணவன் பெயரை நாம் எழுதினால், பிள்ளையின் வகுப்பில் நாளை என்ன நடக்கும்? அமெரிக்காவிலேயே முழுப் பெயர் எழுத அஞ்சி, முதற்பெயரோடு நிறுத்திய துண்டுகள் உண்டு. பெயரைக் காப்பது கடமை. பெயரை மறைக்க விரும்புவோரைக் காப்பதும் கடமை. இரண்டும் மோதுமிடத்தில், உயிரோடிருப்பவர் பக்கமே நிற்க வேண்டும் என்பது நம் முடிவு. ஆகவே நம் முதல் வேலை பெயரைத் தைப்பதன்று. பெயரை அஞ்சாமல் சொல்லும் ஊரை ஆக்குவது. அந்த ஊர் அமைந்த பிறகு, தாய்மார் தாமே ஊசி எடுப்பர்.

அதுவரை சும்மா இருப்பதா? வேண்டாம். படிப்பகங்களிலும் மன்றங்களிலும் மஞ்சள் துணியைப் பற்றிப் பேசுவோம். மருந்துச் சீட்டைப் பற்றியும் பேசுவோம். எரிக்கக் கிளம்புவோரின் கையைப் பிடித்து, ‘இந்தத் துணியால் எதுவும் வராது, பிள்ளைக்கு ஒரு சட்டையை விட்டுவையுங்கள்’ என்று சொல்லும் துணிவு ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞனுக்கு வந்தால் போதும். பெயர் இல்லாத துண்டாகவே இருக்கட்டும். ஒரு வேட்டியின் கரை, ஒரு சேலையின் முந்தானை, ஒரு சட்டையின் பை. எவருடையது என்று தைத்தவர் அறிவார். எதனால் என்று நாடு அறியட்டும்.

மீண்டும் கெடிலக் கரைக்கு வருவோம். அந்தப் பழங்கதையில் நாம் போற்றத்தக்கது ஏதுமே இல்லையா? உண்டு. நோயோடும் வேறொரு சமயத்தோடும் இருளில் வந்து நின்ற தம்பியை, ‘போ’ என்று சொல்லாமல் உள்ளே அழைத்தாள் ஒரு தமக்கை. கோயில் நீற்றுக்கு எழுந்தது. அந்தத் தமக்கை திறந்த கதவுக்கு எழவில்லை. நீறு நோயைத் தீர்த்தது என்பதை நாம் நம்பவில்லை. கதவு திறந்தது என்பதை நம்புகிறோம். அதைச் செய்யத் தெய்வம் தேவையில்லை. இன்று நம் தெருவில் சாத்திக் கிடக்கும் கதவுகளை, தோழர்களே, நாம்தான் தட்ட வேண்டும்.